சர்வர் தேவை

நான் சர்வர் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவி தன் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, பக்கத்து நாற்காலி டீச்சர் கேட்டாராம்: "ஏன், ஒங்க வூட்டுக்காரரு ஓட்டல் வக்கப்போறாரா?" இல்லை, சவுண்ட் சர்வர் என்று இவள் திருத்தியிருக்கிறாள். திருத்தாமல் விட்டிருந்தால் எனக்கு எந்தச் சேதமும் வந்திருக்காது. நம் பக்கத்தில் 'சவுண்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரக்கூடிய சொல் ஒன்றே ஒன்றுதான், அது 'சர்வீஸ்'. மதியச் சாப்பாட்டு மணி முடிவதற்குள் நான் எங்கள் ஊர் நெரவியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன் ஆகிவிட்டேன். சீரியல் பல்பும் வாடகைக்கு உண்டு என்று யாரோ கூடவே சேர்த்துவிட்டார்கள்.

உண்மையில் நான் எழுதுவது மென்பொருள். பேசுகிறவரின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு காற்று, மின்விசிறி, ஜெனரேட்டர் இரைச்சலையெல்லாம் வெளியே தள்ளுகிற மென்பொருள். பெரிய நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. காலையில் தெருவே காரைக்காலுக்கு பஸ் ஏறும்போது நான் கைலியோடு கணினி முன்னால் உட்காருவேன். அதனால் என் தொழிலைப் பற்றித் தெருவில் இருந்த கருத்து, 'பாவம், டீச்சர் சம்பளத்துல ஓடுது' என்பதுதான். சவுண்ட் சர்வீஸ் என்ற வதந்தி வந்தபிறகு என் மரியாதை கொஞ்சம் கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சவுண்ட் சர்வர் என்றால் என்ன என்று என் மனைவிக்கு நான் விளக்கியது ஓட்டலை வைத்துத்தான். கணினிக்குள் ஒலியை வெளியே விடும் பகுதி ஒன்றே ஒன்று, அது சமையல்கட்டு. ஆனால் பாட்டு, போன் பேச்சு, மணி ஓசை, என் மென்பொருள் என்று சாப்பிட வருகிறவர்கள் பல பேர். எல்லோரும் நேராகச் சமையல்கட்டுக்குள் புகுந்தால் அடிதடிதான். நடுவில் நின்று யாருக்கு எது, எப்போது என்று கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அவன்தான் சர்வர்.

என் முன்னால் மூன்று பேர் வேலை கேட்டு நின்றார்கள். அவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் அழகான பெயர்கள் உண்டு. நான் வைத்த பெயர்கள் வேறு. முதலாவது பொறுமைசாலி. பெரிய தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு ஆடி அசைந்து வருவான். வரக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் ஒரு சொட்டு சாம்பார் சிந்தாது. இரண்டாவது அவசரக்காரன். ஒவ்வொரு தோசையாகக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருவான். சூடாக இருக்கும், யாராவது இடித்துவிட்டால் தோசை தரையில். ஒலியில் அதற்கு அர்த்தம், நடுவில் 'டப்' என்று ஒரு வெடிப்பு. மூன்றாவது புதுமாப்பிள்ளை. அவனைப் போல ஓடுவேன், இவனைப் போல சிந்தாமல் இருப்பேன், இரண்டு பேருடைய வாடிக்கையாளரையும் நானே பார்த்துக்கொள்வேன் என்றான். எனக்குப் புதிதாக வருகிற எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. என் கல்யாணத்தில் மாப்பிள்ளையாக உட்கார்ந்தவனை நினைத்தாலே போதும்.

இவர்களை ஒப்பிட்டு ஒரு பெரிய அட்டவணை போட்டேன். நிலைத்தன்மை, நினைவகம், யார் யார் என்னென்ன புகார் சொல்லியிருக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக. மூன்று மாதம் அதில் போனது. பெண் பார்க்கக்கூட எங்கள் வீட்டில் இத்தனை விசாரிக்கவில்லை என்று என் மனைவி சொன்னாள். அட்டவணையில் 'பாடகர்கள் புகார்' என்று ஒரு வரி இருந்தது. பொறுமைசாலியை வைத்துக்கொண்டு பாடினால் தன் குரலே தனக்குத் தாமதமாகக் கேட்கிறது, பாட முடியவில்லை என்று பல பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் நான் 'நமக்குப் பொருந்தாது' என்று எழுதினேன். எழுதியபோது எனக்கு இருந்த தெளிவை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அப்போதுதான் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து போன் வந்தது. என் மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அங்கேதான். ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர் பேசினார்.

"டீச்சர் வூட்டுக்காரருங்களா? நீங்க சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கீங்களாமே. நம்ம ஊரு மைக்க ஒருதடவ வந்து பாருங்க தம்பி. காத்து அடிச்சா ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது."

இல்லீங்க, நான் அந்த ஆள் இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் காற்று என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. இத்தனை வருடம் முகம் தெரியாதவர்களின் மின்விசிறியைத் துரத்தியவனுக்கு, பத்து நிமிட வண்டித் தூரத்தில் நிஜமான கடல் காற்று காத்திருந்தது. சரிங்க, வர்றேன் என்றேன்.

பஞ்சாயத்துக் கட்டடத்தின் சின்ன அறையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக். மாடியில் நாலு திசைக்கும் நாலு குழாய் ஸ்பீக்கர். கடலுக்குப் போகலாமா கூடாதா, ஊர்க்கூட்டம் எத்தனை மணிக்கு, யார் வீட்டில் சாவு, எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று எல்லாமே அந்தக் குழாய் வழியாகத்தான். செல்போனில் வருகிற செய்தியை அந்த ஊரில் எல்லோரும் படிக்கிறார்கள். குழாயில் வந்தால்தான் நம்புகிறார்கள்.

அறிவிக்கிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஊரில் மைக்காரர் என்பார்கள். படகில் கயிறு இழுக்கும் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டுக் கரையேறியவர். அதற்குப் பிறகு இந்த மைக்தான். நான் போன அன்று மீன்பிடித் தடைக்காலத்து நிவாரணம் பற்றி ஒரு அறிவிப்பைச் சொன்னார். "கிராமப் பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு" என்று அவர் தொடங்கியதும், ஜன்னலுக்கு வெளியே பேசிக்கொண்டு போன இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள். நல்ல குரல். அவசரமே இல்லாத குரல். காற்று மட்டும் மைக்கில் விழுந்து உறுமிக்கொண்டிருந்தது.

"நான் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி காத்து பேசிடுதுங்க தம்பி" என்றார்.

"இனிமே பேசாதுண்ணே" என்றேன்.

சோப்பு டப்பா அளவுக் கணினி ஒன்றை மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் பொருத்தினேன். அதற்குள் என் மென்பொருள். சர்வராகப் பொறுமைசாலி. தட்டையும் இருப்பதிலேயே பெரிய தட்டாகக் கொடுத்தேன். சிந்தவே கூடாது பாருங்கள். மைக்கில் சொன்னது குழாயில் வர ஏறக்குறைய கால் விநாடி ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்ன? கடலுக்குப் போகாதீர்கள் என்பதைக் கால் விநாடி தாமதமாகச் சொன்னால் அதற்குள் படகு கிளம்பிவிடவா போகிறது?

பிறகு சோதனை. நம் ஆட்கள் மைக்கை எப்படிச் சோதிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். "ஹலோ." நிறுத்தம். "ஹலோ, மைக் டெஸ்டிங்." நிறுத்தம். "ஒன். டூ. த்ரீ." ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் தலையைச் சாய்த்து, குழாயில் வருகிறதா என்று காத்திருப்போம். நான் சொன்னேன், தலைவர் சொன்னார், மைக்காரரும் சொன்னார். காற்று சுத்தமாகக் காணாமல் போயிருந்தது. எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் சால்வை அதுதான். வீட்டுக்கு வரும்வரை அதை மடிக்காமலே தோளில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேன். பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தூரிலிருந்துகூட ஒருவர் விசாரித்ததாகக் கேள்விப்பட்டபோது, இந்தக் கடற்கரை முழுக்க என் டப்பாதான் பேசப்போகிறது என்று கணக்குப் போட்டேன்.

இரண்டாவது வாரம் தலைவர் போன் செய்தார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. மிஷின்ல ஏதாச்சும் கோளாறு இருக்குமா? நம்ம மைக்காரருக்கு வார்த்த வரமாட்டேங்குது. நிக்கிறாரு, மொத வார்த்தையே சிக்கிக்குது. ஊருல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

வீட்டில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாக அந்தக் கணினியைத் திறந்து பார்த்தேன். இரண்டு வாரத்தில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சிஸ்டத்துல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

சிஸ்டத்தில் தப்பு இல்லையென்றால் தப்பு எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதோடு நிறுத்தாமல் ஒரு யோசனையும் கொடுத்தேன். அறிவிப்பைச் செல்போனில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து அனுப்பலாம், கணினி அதை அப்படியே குழாயில் போட்டுவிடும், ஆள் வந்து நிற்கவே தேவையில்லை என்றேன். நல்ல யோசனையாக இருக்கிறதே என்றார் தலைவர். மறுநாளிலிருந்து அவரே வீட்டில் இருந்தபடி, இருமலோடு சேர்த்து, அறிவிப்புகளைப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தார். மைக்காரர் வருவது நின்றுபோனது. நானும் அடுத்த வேலையில் மூழ்கிவிட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கீழே வைக்காமலே பேச ஆரம்பித்தாள். மைக்காரரின் மனைவி அந்தப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். அவர் சொல்லி அழுதிருக்கிறார். மைக்காரருக்குச் சின்ன வயதில் திக்குவாய். 'க' வரவே வராதாம். வகுப்பில் அவரை எழுப்பி நிறுத்திச் சிரிப்பார்களாம், ஐந்தாவதோடு படிப்பை விட்டதே அதனால்தானாம். கடலில் தனியாக இருக்கும்போது உரக்கப் பேசிப் பேசித் தானாகவே சரிசெய்துகொண்டவர். மைக்கில் நின்று கணீரென்று பேசுவதுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை. இப்போது அது திரும்பி வந்துவிட்டது என்று வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. குடித்துவிட்டு உளறுகிறார் என்று ஊரில் கதை கட்டிவிட்டார்கள். அவர் குடிப்பவரே இல்லை.

"எனக்கென்ன தெரியும்? நான் எல்லாத்தையும் பாத்துட்டுதான் சொன்னேன்" என்றேன்.

"என்னத்தப் பாத்தீங்க? அவரு பேசுறதப் பாத்தீங்களா?"

கோபம் வந்தது. எனக்கு நியாயமான கோபம் குறைவு. குற்றம் சாட்டப்படும்போது வருகிற கோபம்தான் அதிகம். என் டப்பா நிரபராதி என்று காட்டியே தீருவது என்று மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன்.

அறை திறந்தே இருந்தது. மேசைமேல் மைக்காரரின் நோட்டு. கடைசியாக எழுதிய அறிவிப்பு அதில் இருந்தது: தண்ணீர்க் குழாய் பழுது, நாளை வராது. மைக்கைப் போட்டேன். "ஹலோ" சொல்லவில்லை, நேராக நோட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

"கிராமப் பொதுமக்களுக்கு ஒரு முக்கி…"

மாடியிலிருந்து என் குரல் அப்போதுதான் 'ஒரு' என்றது. நான் 'முக்கிய'வில் இருந்தேன். நாக்கு நின்றது. மறுபடி எடுத்தேன். குழாய் முடிக்கட்டும் என்று வாய் காத்திருக்கிறது. வாய் முடிக்கட்டும் என்று குழாய் காத்திருக்கிறது. "மு… முக்கி… அறி… தண்ணீ…" என்று நான் உளறியது நாலு திசைக்கும், காற்றிரைச்சல் துளிகூட இல்லாமல், அத்தனை சுத்தமாகப் போனது. மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அட்டவணையும் அந்தக் கட்டமும் கண்முன்னால் வந்தன. நமக்குப் பொருந்தாது. திக்காத எனக்கே இந்தக் கதி என்றால், முப்பது நாற்பது வருடம் பாடுபட்டு அதிலிருந்து வெளியே வந்த மனிதனுக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்.

அங்கிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மிக்ஸியின் பிளக்கைக் கழற்றி வைத்து ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போகாமல் கதவோரமாக நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டல், தட்டு, பொறுமைசாலி, ஒன்றையும் விடவில்லை. தன் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் யாருக்கும் நாக்கு குழறும், எனக்கும் குழறியது என்றேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நேரம் லேட்டு?"

"கால் விநாடிங்கண்ணே."

"அந்தத் துளி நேரத்துக்கா நான் நாப்பது நாளா க… க…"

அவர் வாயை மூடிக்கொண்டார். மைக்கும் இல்லை, குழாயும் இல்லை, என் டப்பா அரை மைல் தள்ளி அணைந்து கிடக்கிறது. இருந்தும் அந்தச் சொல் வரவில்லை. கதவோரம் நின்ற அவர் மனைவிதான் முடித்தார்: "கடத்தெருவுக்குக்கூடப் போவல தம்பி."

பிறகு அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"மிஷின் சரியா இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்களாமே?"

"சொன்னேண்ணே."

"வந்து பாக்காமலா?"

"பாக்காமதான்."

"அப்ப அத மைக்குல சொல்லுங்க. நான் தெணறினதயும் எல்லாரும் மைக்குலதான் கேட்டாங்க."

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. சரிண்ணே என்றேன்.

பொறுமைசாலியை வேலையைவிட்டு நிறுத்தினேன். புதுமாப்பிள்ளை வந்தான். சின்னத் தட்டைக் கொடுத்து, அந்த அறையிலேயே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அவனை ஓடவிட்டேன். சிந்தவில்லை. நான் நம்பாத ஆள், மூன்று மாதம் நான் செய்த ஆராய்ச்சியைப் பொய்யாக்கிவிட்டு, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தான். இந்த முறை 'ஒன் டூ த்ரீ' கிடையாது. செய்தித்தாளில் ஒரு பக்கம் முழுக்க மூச்சுவிடாமல் வாசித்துப் பார்த்தேன். வாயும் குழாயும் ஒன்றாகவே நடந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்கூட்டம். பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். மைக்காரரைக் கூட்டிவந்து அறைக்குள் நிறுத்தினேன். அவர் மைக்கை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "கிராமப் பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. கூட்டம் பத்து நிமிஷத்துல ஆரம்பிக்கும், எல்லாரும் வந்துடுங்க" என்றார். எங்கேயும் நிற்கவில்லை. வெளியே பேச்சுச் சத்தம் அடங்கியது. அவர் கண்ணைத் திறந்து, இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நீங்க" என்று ஒதுங்கி நின்றார்.

சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். நாலே வரி. தலைவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே முகங்கள். மைக்கைப் பிடித்தேன்.

"கிராமப் பொதுமக்களுக்கு வணக்கம். ஒங்க மைக்காரரு மேல எந்தத் த… த… எந்தத் த…"

தப்பு என்ற சொல் வரவில்லை. வேர்த்தது. மறுபடி முயன்றேன். "அது என்னோட த… த…" வெளியே யாரோ சொன்னது காதில் விழுந்தது: "மிஷின் இன்னும் சரியாவல போலருக்கு."

"என்ன தம்பி, இன்னும் லேட்டாவுதா?" என்று தலைவர் அக்கறையோடு கேட்டார்.

ஒரு தாமதமும் இல்லை. அது எனக்குத் தெரியும், என் பக்கத்தில் நின்ற மைக்காரருக்கும் தெரியும்.

"ஆமாங்க. கொஞ்சம் இருக்கு. பாத்துடுறேன்" என்றேன்.

மைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, தன்னைப் போல ஒருவனை அடையாளம் தெரிந்துகொண்ட பார்வை. பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்து, வெளியே யாருக்கும் கேட்கக்கூடாது என்று ரகசியமாகத்தான் சொன்னார்.

"மிஷின்ல ஒண்ணும் இல்ல தம்பி. பயம்தான். மொத எழுத்த மெதுவா இழுத்து ஆரம்பிங்க, வந்துடும்."

மைக்கை நான் இன்னும் அணைத்திருக்கவில்லை. என் மென்பொருள் கடல்காற்றை ஒதுக்கிவிட்டு, அந்த ரகசியத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தது.